மார்புப் படம் சொல்லும் சேதி



சென்ற பொங்கல் விழாவின்போது பந்தியில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி, தம் துணிப்பையிலிருந்து பெரிய பழுப்பு நிற உறை ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "தம்பி, நீங்க எக்ஸ்ரே எடுக்கிற வேலையில இருந்தவராமே. எங்க வீட்டுக்காரரு பெட்டியில கெடந்தது. மைன்ஸ் ஆஸ்பத்திரியில எடுத்த பழைய படம். அவரு போயி பத்து வருசம் ஆச்சு. வீடு மாத்துறோம். தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்மா, போடாதீங்க" என்று மட்டும் அப்போது சொன்னேன். பாயசம் வந்துவிட்டதால் காரணத்தை விளக்க நேரமில்லை. அந்தக் காரணத்தைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். நம் சங்கத்தில் கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் பல உள்ளன. அவர்கள் வீட்டுப் பரண்களிலும் டிரங்குப் பெட்டிகளிலும் இத்தகைய உறைகள் இன்னும் இருக்கக்கூடும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் அல்லன். தங்கவயலில் சாம்பியன் ரீப் பகுதியில் பிறந்து, பெங்களூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊடுகதிர்ப் பிரிவில் தொழில்நுட்பராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மருத்துவர்களின் பக்கத்தில் நின்று கேட்டதையும், படித்ததையும், எங்கள் குடும்பத்தில் பட்டதையும் எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

ஊடுகதிர் என்பது என்ன?

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரில், பேராசிரியர் ராண்ட்ஜன் தம் ஆய்வுக்கூடத்தில் ஒரு புதிய கதிரைக் கண்டார். அது என்னவென்று விளங்காததால், கணக்கில் தெரியாத எண்ணுக்கு இடும் 'எக்ஸ்' என்ற எழுத்தையே அதற்குப் பெயராக வைத்தார். அதே ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் தம் மனைவியின் கையைப் படம் எடுத்தார். அதில் விரல் எலும்புகளும் மோதிரமும் தெரிந்தன. 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஊடுகதிர்ப் படம் என்பது ஒரு நிழல்தான். மாலையில் விளக்கின் முன் கையை நீட்டினால் சுவரில் நிழல் விழுகிறது அல்லவா? அதைப் போன்றதுதான் இதுவும். சுண்ணாம்புச் சத்து நிறைந்த எலும்பு கதிரைப் பெரிதும் தடுப்பதால் படத்தில் வெள்ளையாகத் தெரியும். காற்று தடுக்காததால் கறுப்பாகத் தெரியும். நுரையீரல் காற்று நிறைந்த உறுப்பு. அதனால்தான் மார்புப் படம் எடுக்கும்போது, "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்று நாங்கள் சத்தம் போடுகிறோம். காற்று நிறைய நிறையப் பின்புலம் கறுக்கும். கறுப்புத் துணியில் சிந்திய அரிசி போல, இருக்கக்கூடாத வெண்புள்ளி ஏதேனும் இருந்தால் உடனே கண்ணில் படும்.

ஆனால் அந்த வெண்புள்ளி என்ன என்பதை நிழல் சொல்லாது. 'இங்கே ஏதோ இருக்கிறது' என்று மட்டுமே அது சொல்லும். இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வரும் செய்திகள் எல்லாம் இதையே அடிப்படையாகக் கொண்டவை.

தங்கமும் தூசியும்

தங்கவயலில் 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் பெரிய அளவில் சுரங்கம் தோண்டத் தொடங்கினர். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து நம் முன்னோர் சட்டி பானையோடு வந்து லைன் வீடுகளில் குடியேறினர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போயிற்று. 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன. 1962இல் மத்திய அரசின் கைக்குச் சென்றன. 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பெயரில் நடந்து, 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. இவ்வளவும் நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்த வரலாறு.

அவ்வளவாகப் பேசப்படாத வரலாறு ஒன்றும் உண்டு. தங்கவயலில் தங்கம் தனியாகக் கிடைக்கவில்லை. குவார்ட்ஸ் என்னும் வெண்கல் படலத்தில் பொடியாகக் கலந்து கிடந்தது. அந்தக் கல்லைத் துளைத்து, வெடி வைத்துப் பிளந்து, மேலே ஏற்றி, மில்லில் மாவாக அரைத்தால்தான் தங்கம் கிடைக்கும். குவார்ட்ஸ் என்பது சிலிக்கா என்னும் பொருளின் படிக வடிவம். அதைத் துளைக்கும்போது எழும் தூசியில் கண்ணுக்குத் தெரியும் தூசி அவ்வளவு மோசமானது அன்று. அதை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும், சளியோடு வெளியே வந்துவிடும். கண்ணுக்கே தெரியாத தூசிதான் ஆபத்தானது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். ஐந்து மைக்ரானுக்கும் குறைவான துகள் எல்லாச் சல்லடையையும் கடந்து, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும்.

அங்கே காவல் காக்கும் அணுக்கள், வந்தது கிருமி என்று நினைத்து அத்துகளை விழுங்குகின்றன. கிருமியைச் செரிக்கலாம், கல்லைச் செரிக்க முடியாது. விழுங்கிய அணு சிதைந்து சாகிறது. துகள் வெளியே வர, அடுத்த அணு வந்து விழுங்கி அதுவும் சாகிறது. இப்படித் தொடர்ந்து நடக்கும்போது அந்த இடத்தில் புண் ஆறிய தழும்பு போன்ற கடினமான முடிச்சு உண்டாகிறது. நுரையீரல் முழுவதும், சிறப்பாக அதன் மேற்பகுதியில், இத்தகைய முடிச்சுகள் பரவும் நோயே சிலிகோசிஸ். வேலையை விட்ட பிறகும் உள்ளே போன தூசி தன் வேலையை விடாது. ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்தும் நோய் முற்றலாம். தழும்பை அழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

ரவை, கடுகு, மிளகு

சிலிகோசிஸைப் பொறுத்தவரை மார்புப் படம்தான் முதற்சாட்சி. ஒரே படத்தை இரண்டு மருத்துவர்கள் பார்த்து இரண்டு விதமாகச் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மாதிரிப் படங்களின் தொகுதி ஒன்றை வெளியிட்டுள்ளது. தொழிலாளியின் படத்தையும் மாதிரிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டே முடிவு சொல்ல வேண்டும்.

அந்த முறையை நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். ஒன்றரை மில்லிமீட்டர் வரை உள்ள புள்ளி ஏறக்குறைய ரவை அளவு. ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை கடுகு அளவு. மூன்று முதல் பத்து மில்லிமீட்டர் வரை மிளகும் அதற்குச் சற்று மேலும். இது புள்ளியின் பருமன். அடுத்து, எத்தனை புள்ளிகள் என்ற அடர்த்தியை 0, 1, 2, 3 என்று வகைப்படுத்துகிறார்கள். பத்து மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் அது பெரிய நிழல். சிறு முடிச்சுகள் ஒன்றோடொன்று சேர்ந்து நெல்லிக்காய், எலுமிச்சம்பழம் என்று கட்டியாகிவிட்டன என்று பொருள். சிலருக்கு நுரையீரலின் நடுவிலுள்ள நெறிக்கட்டிகளின் ஓரத்தில் முட்டை ஓடு போல மெல்லிய வெண்கோடு தெரியும். அது சிலிகோசிஸுக்கு ஒரு நல்ல அடையாளம். ஆனால் எல்லோருக்கும் வருவதில்லை.

உலகத்துக்கே பாடமான ஊர்

இந்தியாவில் சிலிகோசிஸ் முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் கோலார் தங்கவயலில்தான். 1940இல் மைசூர் அரசு சிலிகோசிஸ் இழப்பீட்டுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. இழப்பீடு கொடுக்க வேண்டுமென்றால் யாருக்கு நோய் இருக்கிறது என்று தெரிய வேண்டும். 1940 முதல் 1946 வரை டாக்டர் காப்ளான் என்ற ஆங்கில மருத்துவரும் அவருடன் பணியாற்றிய மருத்துவர்களும் ஏழாயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர்களைப் பரிசோதித்தனர். உலகப்போர் நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் இவ்வளவு பெரிய ஆய்வு நடந்தது ஒரு சாதனைதான். 1947இல் அறிக்கை வெளிவந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய 44 பேருக்கு நோய் இருந்தது.

இந்த எண்ணைச் சற்று நின்று பாருங்கள். கேஜில் ஏறிக் கீழே போன இரண்டு பேரில் ஏறத்தாழ ஒருவர். நம் பாட்டன்மார் 'இரைப்பு' என்றும் 'மைன்ஸ் சளி' என்றும் சொல்லி, வெற்றிலையோடு இஞ்சியும் மிளகும் மென்று சமாளித்தது இதைத்தான். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே துளையிடும் முறையும், காற்றோட்ட வசதியும், காலமுறைப் படங்களும் வந்து நிலைமை பின்னாளில் சீர்பட்டது. சுரங்கத் தொழிலாளர் உடல்நலத்துக்கான தேசிய நிறுவனமும் தங்கவயலில்தான் தொடங்கப்பட்டது. பிறகு அது நாக்பூருக்குப் போய், 2019இல் அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது.

என் பெரியப்பாவின் படங்கள்

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் தந்தையார் மேல்தளப் பட்டறையில் பிட்டராக இருந்தார். அவருடைய அண்ணன், என் பெரியப்பா, தரைக்கடியில் டிரில்லர். 1958 முதல் 28 ஆண்டுகள் கல்லைத் துளைத்தார். ஓய்வு பெற்றதும் எங்களோடு பெங்களூருக்கு வந்துவிட்டார். 1996இல் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கத் தொடங்கியது. இருமலும் இருந்தது. பக்கத்திலிருந்த ஒரு மருத்துவமனையில் காட்டினோம். படத்தில் இரண்டு பக்கமும் மேல்பகுதியில் வெண்புள்ளிகள். "டி.பி." என்றார்கள். சளிப் பரிசோதனையில் கிருமி தெரியவில்லை. இருந்தாலும் ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். படம் மாறவில்லை. மறுபடியும் எட்டு மாதம், இம்முறை ஊசியும் சேர்த்து. அந்த ஊசியால் காதில் இரைச்சல் வந்தது. கடைசிவரை அது நிற்கவில்லை. டி.பி. என்றதால் பேரப்பிள்ளைகளை அவர் மடியில் உட்காரவைக்க மாட்டார். தட்டும் டம்ளரும் தனி. ஒரு வார்த்தை சொல்லாமல் ஒன்றரை வருடம் அப்படியே இருந்தார்.

இதில் எனக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். அவருடைய படங்களில் இரண்டை எடுத்தவனே நான்தான். பிலிமைக் கழுவி உலர்த்தி உறையில் போட்டவன் நான். நான் தங்கவயல்காரன், அவர் டிரில்லர். ஆனால் 'இவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்' என்று ஒரு வரி எழுதி அந்த உறையோடு வைக்க எனக்குத் தோன்றவில்லை. சீட்டில் 'வயது 58, இருமல், மூச்சிறைப்பு' என்று மட்டும் இருந்தது. படத்தைப் படித்த மருத்துவருக்கு வேறு எதுவும் தெரியாது. காசநோய் நிறைந்த நம் நாட்டில் அவர் டி.பி. என்று நினைத்ததில் வியப்பில்லை.

1999இல் நிலைமை மோசமாயிற்று. நுரையீரலின் ஓரங்களில் புதிதாகச் சில உருண்டைகள் தெரிந்தன. ஒன்று சின்ன நெல்லிக்காய் அளவு. சில மாதங்களுக்கு முன் எடுத்த படத்தில் அவை இல்லை. இவ்வளவு வேகமாக வளரும் உருண்டைகள் என்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது புற்றுநோய். "வேறெங்கோ இருந்து பரவியிருக்கலாம், வீட்டில் சொல்லிவையுங்கள்" என்றார்கள். பெரியம்மா ஊரிலிருந்த மகளுக்குத் தந்தி கொடுக்கச் சொன்னார்கள்.

அப்போது வேறொரு மருத்துவமனையில் ஒரு மூத்த மார்பு மருத்துவரிடம் போனோம். அவர் படத்தை உடனே எடுத்துப் பார்க்கவில்லை. முதலில் பெரியப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. "பெரியவரே, இது எத்தனை நாளா?" என்றார். "அது ஒரு வருசமா இருக்கு டாக்டர். காலையில எழுந்தா விரலை மடக்க முடியாது. வயசாச்சு இல்ல" என்றார் பெரியப்பா. "முன்னே என்ன வேலை பாத்தீங்க?" "மைன்ஸ்ல டிரில்லர் சார். சாம்பியன் ரீப்."

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "பழைய படம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. பெரியம்மா கல்யாணப் புடவைக்கு அடியில், பிராவிடண்ட் பண்ட் காகிதங்களோடு, மைன்ஸ் ஆஸ்பத்திரியின் இரண்டு படங்களைப் பத்திரமாக வைத்திருந்தார். ஒன்று 1979, மற்றொன்று 1986. விளக்குப் பெட்டியில் நான்கு படங்களையும் வரிசையாகச் செருகினோம். 1979இல் ஆங்காங்கே ரவைப் புள்ளிகள். 1986இல் சற்று அதிகம். 1996இல் 'டி.பி.' என்று சொன்ன அதே புள்ளிகள், அதே இடத்தில், பத்தாண்டுகளாக மெல்லக் கூடி வந்திருந்தன. அது சிலிகோசிஸ். ஆதி முதலே அங்கிருந்தது. ஒரே ஒரு படத்தில் விளங்காதது நான்கு படங்களில் பளிச்சென்று விளங்கியது.

புதிய உருண்டைகளுக்கு வேறு விடை வேண்டியிருந்தது. முடக்குவாதத்துக்கான இரத்தப் பரிசோதனை செய்தார்கள், அது மிக அதிகமாக இருந்தது. சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மூன்று முறை சளி பரிசோதித்துக் காசநோய் இல்லை என்று உறுதி செய்தார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாதபடி, ஊசி மூலம் உருண்டையிலிருந்து சிறிது சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை. மூட்டுவாதக்காரர்களுக்கு வரும் ஒருவகை முடிச்சு, தூசி படிந்த நுரையீரலில் உருவாகியிருந்தது. நோயின் பெயரை மருத்துவர் சீட்டில் எழுதினார். 'காப்ளான் நோய்க்குறித் தொகுதி.'

அந்தப் பெயர் எங்கள் மண்ணிலிருந்து போனது

அந்தப் பெயரின் வரலாற்றை நான் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1940களில் தங்கவயலில் நம் தொழிலாளர்களைப் பரிசோதித்தார் என்று மேலே சொன்னேனே, அதே டாக்டர் அந்தோணி காப்ளான்தான் அவர். இந்தியாவை விட்டுத் திரும்பிய பின், வேல்ஸ் நாட்டில் கார்டிப் நகரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் நோயைக் கண்டறியும் மருத்துவக் குழுவில் சேர்ந்தார். அங்கே ஆயிரக்கணக்கான மார்புப் படங்களைப் பார்க்கும்போது ஒரு சிலருடைய படம் மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. சிறு புள்ளிகளுக்குப் பதிலாக, ஓரங்களில் தெளிவான வட்ட உருண்டைகள். அவர்களில் பலருக்கு முடக்குவாதமும் இருந்தது. 1953இல் 'தோராக்ஸ்' என்ற மருத்துவ இதழில் இதை எழுதினார். அக்கட்டுரையின் தலைப்பிலேயே 'வழக்கத்துக்கு மாறான' ஊடுகதிர்த் தோற்றங்கள் என்ற பொருள்படும் சொற்கள் உண்டு.

எது வழக்கத்துக்கு மாறானது என்று தெரிய வேண்டுமானால் வழக்கமானது எது என்பது கண்ணில் ஊறியிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் நுரையீரல் நிழல்களைப் பார்த்துப் பழகியவர் அவர். அந்தப் பழக்கம் தொடங்கிய இடங்களில் ஒன்று நம் தங்கவயல் என்பதில் எனக்கு வருத்தமும் பெருமையும் ஒருங்கே உண்டு. அவ்வாறு கற்ற பாடம் சுற்றி வந்து, 46 ஆண்டுகள் கழித்து ஒரு சாம்பியன் ரீப் டிரில்லருக்கே பயன்பட்டது.

பெரியப்பா பிழைத்துக்கொண்டார் என்று முடித்துவிட ஆசைதான். ஆனால் சிலிகோசிஸ் போகவில்லை. மூட்டுவாதத்துக்கு மருந்து கொடுத்தார்கள், விரல் வீக்கம் குறைந்தது. உருண்டைகளில் ஒன்று சிறுத்தது, மற்றவை அப்படியே நின்றன. மூச்சிறைப்பு கூடிக்கொண்டே போய் 2006இல் காலமானார். ஆனால் தேவையில்லாத புற்றுநோய்ச் சிகிச்சையிலிருந்து தப்பினார். வேண்டாத மாத்திரைகள் நின்றன. அந்த ஏழு வருடங்களும் பேரப்பிள்ளைகள் அவர் மடியில் உட்கார்ந்து, அவர் தட்டிலேயே சாப்பிட்டார்கள். சரியான நோயறிதல் என்பதன் மதிப்பு எனக்கு அதில்தான் தெரிந்தது.

எந்தப் படம் எதற்கு?

சாதாரண ஊடுகதிர்ப் படம் விலை குறைவு, கதிர்வீச்சும் மிகக் குறைவு. தூசி நோயைத் தேடுவதற்கு இன்றும் இதுவே முதற்படி. ஆனால் முன்னும் பின்னும் உள்ளவை ஒரே நிழலில் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், ஆரம்ப நோய் மறைந்து போகலாம். படம் நன்றாக இருக்கிறது என்பதற்காக நோயே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

சி.டி. ஸ்கேன் உடலை வெண்டைக்காய் நறுக்குவது போல வில்லை வில்லையாகக் காட்டும். இங்கிலாந்தில் ஹவுன்ஸ்பீல்டு என்ற பொறியாளர் உருவாக்கிய இக்கருவியில் 1971இல் முதல் நோயாளி பரிசோதிக்கப்பட்டார். 1979இல் அவரும் கார்மாக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நுண்வில்லை சி.டி. ஒரு மில்லிமீட்டர் அளவு மெல்லிய வில்லைகளாகப் பார்க்கும். அரிய நுரையீரல் நோய்களைப் பிரித்தறிய இது மிகவும் உதவும். ஆனால் இதன் கதிர்வீச்சு சாதாரணப் படத்தைவிடப் பல மடங்கு. மருத்துவர் கேட்காமல், 'எதற்கும் ஒன்று எடுத்துப் பார்ப்போமே' என்று எடுக்கக்கூடாது.

எம்.ஆர்.ஐ. காந்தப்புலத்தால் இயங்குவது, ஊடுகதிர் இல்லை. மூளை, முதுகுத்தண்டு, மூட்டு ஆகியவற்றுக்குச் சிறந்தது. காற்று நிறைந்த நுரையீரலுக்கு அவ்வளவாக ஏற்றதன்று. அல்ட்ராசவுண்ட் ஒலியால் இயங்குவது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் காட்டும், காற்றைக் கடந்து உள்ளே போகாது. பெட் ஸ்கேன் புற்றுநோயைத் தேடுவதற்குப் பயன்படுவது. ஆனால் சிலிகோசிஸ் கட்டிகளும் அதில் ஒளிரக்கூடும். எங்கே வேலை பார்த்தவர் என்று தெரியாவிட்டால் அங்கேயும் ஏமாறலாம்.

ஆக, எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும் அது ஒரு கேள்வியை எழுப்பும். விடை மற்ற இடங்களிலிருந்தும் வர வேண்டும். நோயாளியின் தொழில் வரலாறு, பழைய படம், இரத்தம், சளி, சதைப் பரிசோதனை ஆகிய எல்லாம் சேர்ந்தால்தான் முழுமை. இவற்றில் முதல் இரண்டு மருத்துவமனையில் கிடைக்காது. அவை நம் வீட்டில் இருப்பவை.

நம் குடும்பங்கள் செய்ய வேண்டியவை

1. பழைய படங்களைத் தூக்கி எறியாதீர்கள். மடிக்காமல், ஈரம் படாத இடத்தில், காகித உறையில் நிற்கவைத்து வையுங்கள். ஜன்னல் வெளிச்சத்திலோ டியூப்லைட் முன்னோ பிடித்து, பெயரும் தேதியும் தெரியும்படி புகைப்படம் எடுத்து வைப்பது நல்லது. இப்போது ஸ்கேன் சென்டரில் சி.டி. வட்டில் கொடுத்தால் அதற்கு ஒரு நகல் எடுங்கள்.

2. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, எந்தச் சுரங்கம், எந்த வேலை, தரைக்கடியிலா மேலேயா, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். மார்பு சம்பந்தமாக எந்த மருத்துவரிடம் போனாலும் அவர் கேட்காவிட்டாலும் இத்தாளைக் காட்டுங்கள். வெளிநாட்டில் பிள்ளைகளோடு வாழும் பெரியவர்களுக்கு இது மிக முக்கியம். அங்குள்ள மருத்துவருக்குத் தங்கவயல் என்றால் என்னவென்று தெரிய வழியில்லை.

3. சிலிகோசிஸ் இருந்தால் காசநோய் இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. தூசி படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் தொற்றும். ஆகவே காய்ச்சல், எடைக் குறைவு, இரத்தம் கலந்த சளி இருந்தால் உடனே சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். என் பெரியப்பாவின் கதையைப் படித்துவிட்டு யாரும் டி.பி. மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

4. 'வயசாச்சு' என்று எந்தத் தொல்லையையும் சொல்லாமல் விடாதீர்கள். பெரியப்பாவின் விரல் வீக்கத்துக்கும் நுரையீரலுக்கும் தொடர்பிருக்கும் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை.

5. பீடி, சிகரெட்டை விட்டுவிடுங்கள். தூசி தின்ற நுரையீரலுக்குப் புகையும் சேர்ந்தால் தாங்காது.

சுரங்கம் மூடியும் தூசி மூடவில்லை

தங்கவயல் மூடி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, இனி இது எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். சிலிக்கா தங்கச் சுரங்கத்தில் மட்டும் இல்லை. குஜராத்தில் காம்பேயில் அகேட் கல் மெருகிடுவோர், மத்தியப் பிரதேசத்தில் மந்த்சோரில் சிலேட்டுக் குச்சி அறுப்போர், ராஜஸ்தானின் கல்குவாரித் தொழிலாளர் ஆகியோரிடையே இதே நோய் பரவலாகக் காணப்பட்டது. சமையலறை மேடைக்குப் பயன்படும் செயற்கைக் கல்லில் சிலிக்கா மிக அதிகம். அதை அறுத்த இளம் தொழிலாளர்கள் சில ஆண்டுகளிலேயே நோயுற்றதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அக்கல்லையே தடை செய்தது.

மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வரும் நம் பிள்ளைகளில் கிரானைட் அறுப்பவர்களும் டைல்ஸ் பதிப்பவர்களும் இருக்கிறார்கள். வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உலர்கல்லை அறுப்பதைப் பார்க்கிறேன். கைக்குட்டை ஐந்து மைக்ரான் துகளைத் தடுக்காது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுக்க வேண்டும், முறையான முகமூடி அணிய வேண்டும், ஆண்டுக்கொரு முறையாவது மருத்துவரிடம் மார்பைக் காட்ட வேண்டும். முதலாளியிடம் இதைக் கேட்பது பிச்சை அன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலும் 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்திலும் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகச் சேர்க்கப்பட்டது இது. அந்த உரிமைக்குப் பின்னால் தங்கவயல் தொழிலாளர்களின் இருமலும் இருக்கிறது.

பொங்கலன்று அந்த உறையைக் காட்டிய அம்மையாரின் வீட்டுக்குப் பிறகு ஒருநாள் போயிருந்தேன். படத்தை ஜன்னலில் பிடித்துப் பார்த்தோம். "இந்தப் புள்ளியெல்லாம் என்ன தம்பி?" என்று கேட்டார். "தெரியலம்மா, டாக்டர்தான் சொல்லணும்" என்றேன். அவருடைய மூத்த மகனும் பத்து வருடம் தரைக்கடியில் வேலை பார்த்தவர், இப்போது செக்யூரிட்டி வேலையில் இருக்கிறார், இருமல் உண்டு என்று பேச்சுவாக்கில் தெரியவந்தது. மறுவாரம் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போவதாக முடிவாயிற்று. தந்தையின் படத்தையும், மகனின் வேலை விவரம் எழுதிய தாளையும் ஒரே உறையில் போட்டு, மேலே பெயரும் ஆண்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஓர் உறை இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள்.